எங்களுக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தவர்கள்

பிப்ரவரி 7, 2021

வெளியே பனிப்புயல், இரவு 9 மணிக்கு மேல் ஊரடங்கு, எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கோல்டன் இயரிங் என்ற டச்சு ராக் குழு இனி மேடை ஏறாது என்று இந்த வாரம் செய்தி வந்தது. அதன் கித்தார்காரர் ஜார்ஜ் கோய்மன்ஸுக்கு ஏஎல்எஸ், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் நோய். 1961-ல் நெதர்லாந்தில் எங்கள் ஹேக் நகரத்தில் அவரும் பக்கத்து வீட்டு ரினுஸ் கெரிட்சனும் சின்னப் பையன்களாக ஆரம்பித்த குழு, 60 வருஷம் ஓடியிருக்கிறது. நான் பேஸ் கித்தார் வாசித்த குழுவும் அதே ஊர், அதே காலம்தான். ஒரே ஒரு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்ன இசைத்தட்டு) போட்டோம், அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை, அப்புறம் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டோம். குழுவின் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, விடுங்கள்.

பிப்ரவரி 9

அறுபதுகளின் டச்சு பாப்பைப் பற்றி யார் எழுதினாலும் பீட்டில்ஸின் ஊரான லிவர்பூலைப் பார்த்துக் காப்பியடித்த பையன்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாதிதான் உண்மை. பீட்டில்ஸ் என்ற பெயரே காதில் விழாத நாட்களில் எங்கள் தெருவில் மின்கித்தார் சத்தம் கேட்கும், வாசித்தவர்கள் இந்தோ பையன்கள், அதாவது இந்தோனேசியாவிலிருந்து வந்த டச்சு-இந்தோனேசியக் கலப்புக் குடும்பத்துப் பையன்கள். 1949-ல் இந்தோனேசியா டச்சுக்காரர்கள் கையை விட்டுப் போனதை ஒட்டிய வருஷங்களில் அங்கிருந்து சுமார் 3 லட்சம் பேர் நெதர்லாந்துக்கு வந்தார்கள், நிறையப் பேர் கலப்புக் குடும்பத்தினர், அதில் பெரிய கூட்டம் ஹேக்கில் குடியேறியது. குரோன்சோங் என்ற இந்தோனேசியப் பாட்டும் ஹவாய் கித்தாரும் கேட்டு வளர்ந்த அவர்கள் கையில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் வேறு மாதிரி ஆகிவிட்டது. டீல்மன் சகோதரர்கள் என்ற இந்தோ குழு 1957-ல் வந்து இறங்கி, மறு வருஷமே பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் வாசித்தது. ஆண்டி டீல்மன் கித்தாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், பல்லாலும் வாசிப்பார். பிற்பாடு அமெரிக்கக் கித்தார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதைச் செய்தபோது உலகமே வாயைப் பிளந்தது, ஹேக்கில் எங்களுக்கு அது பழைய சரக்கு.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் மேல்மாடி வீட்டு இந்தோ பையன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். அவன் வீட்டுச் சமையலறை மேஜையில் ஒரு வால்வு ரேடியோ இருக்கும், அதன் முதுகில் கிராமபோனுக்கென்று இருந்த துளையில் கித்தார் ஒயரைச் சொருகுவோம், அதுதான் ஆம்ப்ளிஃபயர். அவன் அம்மா அடுப்பில் நாசி கோரெங், இந்தோனேசிய வறுத்த சோறு, கிளறிக்கொண்டிருப்பார். அவன் என் வலது உள்ளங்கையைப் பிடித்து, கித்தாரின் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் கம்பிகள்மேல் லேசாகச் சாய்த்து வைத்து, "இப்போது மீட்டு" என்பான். ரீங்காரம் அடங்கி டொக் டொக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு எந்தப் பாட்டை வாசித்தாலும் என் கை அங்கேதான் போய் நின்றது.

பிப்ரவரி 10

1964 ஆகஸ்ட் 8, ஹேக்கின் ஸ்கேவெனிங்கன் கடற்கரையில் கூர்ஹவுஸ் அரங்கம், இங்கிலாந்துக் குழு ரோலிங் ஸ்டோன்ஸின் நிகழ்ச்சி. உள்ளேதான் இருந்தேன், பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை. ஒரே கூச்சல், நாற்காலிகள் பறந்தன, போலீஸ் புகுந்து சில பாட்டோடு நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நடன அரங்குக்காரர்கள் கேட்டதெல்லாம் நீள முடியும் ஆங்கிலத்தில் கத்தும் ஒரு பாடகனும்தான். கோட்டு சூட்டில் சுத்தமாக வாசித்த இந்தோ குழுக்களை இங்கே கூப்பிட ஆளில்லை. ஜெர்மனி கிளப்புகளில் நல்ல காசு என்று பலர் முன்பே போயிருந்தார்கள், மேல்மாடிக்காரனும் கிளம்பினான். நான் முடி வளர்த்தேன்.

பிப்ரவரி 12

எங்கள் சிங்கிளை ரேடியோ வெரோனிகாவில் ஒருமுறை போட்டார்கள். அது நாட்டுச் சட்டம் எட்டாத தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல், கரையில் ஹில்வர்சம் ஊரில் பதிவு செய்த டேப்புகளைப் படகில் கொண்டுபோய் ஒலிபரப்புவார்கள். 1965 ஜனவரியில் டாப் 40 என்ற வாராந்திரப் பாட்டுப் பட்டியலைத் தொடங்கியதும் அவர்கள்தான். அதில் ஏறினால் வாழ்வு, இல்லாவிட்டால் சனிக்கிழமை நடன அரங்கு, நாலு பேர் பங்கு போட்டால் பெட்ரோலுக்கே சரியாகப் போகும் காசு.

பிப்ரவரி 14

1970 பிப்ரவரியில் ஷாக்கிங் ப்ளூ குழுவின் 'வீனஸ்' பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, டச்சுக் குழு ஒன்றுக்கு அதுவே முதல் முறை. ஷாக்கிங் ப்ளூவும் ஹேக்தான், பாட்டை எழுதிய ராபி வான் லேயுவன் அதற்குமுன் மோஷன்ஸ் என்ற ஹேக் குழுவில் இருந்தவர். பாடிய மாரிஸ்கா வெரெஸ் ஹங்கேரிய ரோமா வயலின்காரரின் மகள். 'நம்ம ஊர்ப் பையன்கள்' என்று பத்திரிகைகள் எழுதும் கதையில் இந்த மாதிரி ஆட்கள் ஓரத்தில்தான் வருகிறார்கள், எனக்கு அது எரிச்சல்.

இதைப் படித்த எங்கள் டிரம்மர் போன் செய்து, மேல்மாடிக்காரன் முதலில் சொல்லிக்கொடுத்தது தன் அண்ணனுக்குத்தான், எனக்கு இல்லை என்று சண்டை போட்டான். இருக்கலாம். டிரம்மரின் அண்ணனும் நன்றாகவே வாசிப்பான்.