ரிப்போர்ட் நார்மல், உடம்புக்குத்தான் முடியவில்லை

தலை வாருவதற்குக் கையைத் தூக்கினால் பாதியிலேயே இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அப்போது எனக்கு 23 வயது. இரவு பத்து மணிக்குப் படுத்து காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பேன். முழுசாக ஒன்பது மணி நேரத் தூக்கம். ஆனாலும் கண் விழித்ததும் மனதில் வரும் முதல் நினைப்பு, மறுபடி எப்போது படுக்கலாம் என்பதுதான். குளித்துவிட்டு ஈரத் தலையோடு கட்டில் ஓரத்தில் உட்காருவேன். ஐந்து நிமிடம் என்று நினைத்து உட்கார்ந்தால் இருபது நிமிடம் போயிருக்கும். சீப்பு அப்படியே மடியில் கிடக்கும்.

எப்போது ஆரம்பித்தது என்று யார் கேட்டாலும் எனக்குப் பதில் தெரிந்ததில்லை. காய்ச்சல் மாதிரி ஒரு நாளில் வந்து நின்றிருந்தால் சொல்லியிருக்கலாம். இது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் விடுமுறை நாளில் வெளியே போவதை விட்டேன். அப்புறம் தோழிகளோடு போனில் பேசுவது குறைந்தது. அப்புறம் படிப்பது போனது. ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்காது. கடைசியில் வேலைக்குப் போவது, வந்து படுப்பது, இவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. போனை எடுத்து வைத்துவிட்டுச் சீக்கிரம் படு என்றார்கள், படுத்தேன். நன்றாகத் தண்ணீர் குடி என்றார்கள், குடித்தேன். உடற்பயிற்சி செய்தால் சுறுசுறுப்பு வரும் என்றார்கள். இரண்டு வாரம் காலையில் ஓடிப் பார்த்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதும் கால் கனத்துப் போனதும்தான் கண்ட பலன். ‘இந்த வயசுல உனக்கு என்ன அசதி?’ என்ற கேள்வியைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு, நான் சோம்பேறிதான் போலிருக்கிறது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 12.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று கணக்கு. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் எதிலும் குறை இல்லை. “எல்லாம் நார்மல், கவலைப்படாதீங்க, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க” என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வியாதி வரட்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதற்கு ஒரு பெயராவது கிடைக்காதா என்ற ஏக்கம் அது.

அதற்கப்புறம் எட்டு மாதம் நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. ரிப்போர்ட்டே நார்மல் என்று சொல்லும்போது யாரிடம் போய் என்ன சொல்வது?

இரண்டாவது முறை போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிடும். ‘ரொம்ப டயர்டா இருக்கு’ என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் வராது. அதனால் மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், சோர்வு பத்துக்கு எத்தனை, அன்றைக்கு என்ன வேலை செய்தேன், என்னென்ன செய்ய முடியாமல் விட்டேன். கடைசியாகச் சொன்னது முக்கியம். ‘துணி மடிக்கவில்லை’, ‘லிஃப்ட் வரும்வரை சுவரில் சாய்ந்து நின்றேன்’, ‘மீட்டிங்கில் என் பெயரைச் சொன்னதும்தான் நினைவு வந்தது.’ இப்படி எழுதியதில் ஒன்று புரிந்தது. மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம்தான் எனக்கு மிக மோசமான வாரம். ஆனால் அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது டாக்டர் ஒரு அம்மா. நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தூக்கம் வருதா, உடம்பு ஓடலையா, மனசு வரலையா? மூணுல எதும்மா?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. மூன்றையும் நாம் ஒரே வார்த்தையில் சோர்வு என்று சொல்லிவிடுகிறோம். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினால் அது தூக்கம் சம்பந்தப்பட்டது. இரவில் குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒல்லியாக இருப்பவர்களுக்கும் அது வரும். பிடித்த காரியத்தில்கூட நாட்டம் இல்லை என்றால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். எனக்கு ஆசைகள் எல்லாம் அப்படியே இருந்தன. போக வேண்டும், செய்ய வேண்டும் என்று தோன்றும். உடம்புதான் ஓடவில்லை. அதைச் சொன்னேன்.

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதிகமாக உழைத்த நாளுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரேயடியாகச் சரிந்து படுத்திருக்கிறேனா என்று தேடினார். ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு நீடித்து, தூங்கியும் தெளிவு வராமல், கொஞ்சம் உழைத்தாலே உடம்பு பல நாள் முடங்கிப் போனால் அது வேறு ஒரு நோய், எம்.இ. அல்லது நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர் என்றார். அவர்களை இன்னும் கொஞ்சம் ஓடு, இன்னும் கொஞ்சம் ஓடு என்று விரட்டக் கூடாது. உடற்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றும் முறையைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே 2021இல் கைவிட்டுவிட்டது. என் நோட்டில் அந்த மாதிரிச் சரிவு இல்லை. மாதத்துக்கு ஒரு முறை வரும் அந்த மோசமான வாரம்தான் இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“பீரியட்ஸ் எப்படி?”

“நார்மல்தான் டாக்டர்.”

“நார்மல்னா எத்தனை நாள்? எத்தனை பேட்?”

எட்டு நாள். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ராத்திரி இரண்டு வைத்துக்கொண்டும் நடுவில் எழுந்திருக்க வேண்டும். கட்டி கட்டியாகப் போகும். எங்கே போனாலும் பையில் ஒரு மாற்று உடை இருக்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் நார்மல். வயதுக்கு வந்த புதிதில் பயந்துபோய் அம்மாவிடம் கேட்டபோது, “எனக்கும் இப்படித்தான்டி, நம்ம உடம்பு வாகு அது” என்று சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பத்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்து கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “ஐஸ் கட்டியைக் கடிச்சுத் திங்கிற பழக்கம் உண்டா?”

உண்டு. ஒரு வருடத்துக்கு மேலாக. ஃப்ரீசரைத் திறந்து தட்டை முறுக்கி, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு போய்க் கடித்துக்கொண்டிருப்பேன். பல் கூசும், நிறுத்த முடியாது. ராத்திரி எழுந்துகூடச் சாப்பிட்டிருக்கிறேன். இதை வியாதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு இந்த ஏக்கம் வருமாம். படுத்ததும் கால் குடைந்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவதும் அப்படித்தான். அதுவும் எனக்கு இருந்தது.

அவர் சொன்ன கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்ட பிறகுதான் என் உடம்பு எனக்குப் புரிந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதத்துக்கு 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகப் போக்கு. 100 மில்லி போனால் 50 மில்லிகிராம் இரும்பு காலி. உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வதோ சாதாரணமாக ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அதில் தினசரி இழப்பும் போக வேண்டும். அதனால் மாதா மாதம் துண்டு விழும். உடம்பு அந்தத் துண்டைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து ஹீமோகுளோபினைக் காப்பாற்றிக்கொண்டே வரும். சேமிப்பு துடைத்தெடுத்த மாதிரி ஆன பிறகுதான் ஹீமோகுளோபின் குறையும். ஆனால் இரும்பு ரத்தத்துக்கு மட்டும் வேண்டிய பொருள் இல்லை. தசைக்கும், செல்லுக்குள் சக்தி உண்டாகும் இடத்துக்கும் அது வேண்டும். அதனால் ரத்தசோகை வருவதற்கு முன்னாலேயே சோர்வு வந்துவிடலாம். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. என் முதல் ரிப்போர்ட்டில் அது எடுக்கப்படவே இல்லை.

எடுத்துப் பார்த்தோம். 7. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 15. பல மருத்துவர்கள் 30க்குக் கீழே இருந்தாலே குறைவு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

காகிதத்தில் அந்த ஒற்றை இலக்கத்தைப் பார்த்ததும் மறுபடி அழுதேன், இந்தத் தடவை வேறு காரணத்துக்காக. நான் சோம்பேறி இல்லை.

உடனே மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை அவர். பி12, குடலில் உறிஞ்சும் குறை ஏதாவது உண்டா என்று பார்க்கக் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை, ரத்தம் உறையும் தன்மை, கருப்பைக்கு ஸ்கேன் எல்லாம் பார்த்தார். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் லேசான வடிவம் இருப்பவர்களுக்கும் சிவப்பணு சின்னதாகத் தெரியும், அவர்களுக்கு இரும்பு குறைவாக இருக்க வேண்டியதில்லை. அதனால் பரிசோதிக்காமல் யாரும் தானாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். உடம்பில் இரும்பு மிஞ்சிப்போனால் அதுவும் கெடுதல்தான். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் ஏறிக் காட்டும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். உடம்பு சரியில்லாத வாரத்தில் எடுத்த பரிசோதனையை நம்பிவிடக் கூடாது.

மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில். தினமும் சாப்பிட்டால் உறிஞ்சுவதை உடம்பே அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுமாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், நல்லவேளை. மலச்சிக்கலும் குமட்டலும் முதல் மாதம் படுத்தி எடுத்தன. இரண்டு தடவை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். போன் செய்து கேட்டபோது வேறு வகை மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார், அது ஒத்துக்கொண்டது. அதிகப் போக்கு உள்ள நாட்களுக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை எழுதினார். ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

ஐஸ் மேல் இருந்த வெறி இரண்டே வாரத்தில் போய்விட்டது. ஒரு நாள் ஃப்ரீசரைத் திறந்தபோதுதான் தட்டு நிறையக் கட்டிகள் தொடாமல் இருப்பதைக் கவனித்தேன். சோர்வு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. ஆறாவது வாரம் வரை பெரிய மாற்றம் இல்லை. மூன்றாவது மாதம் ஃபெரிட்டின் 24. ஆறாவது மாதம் 46. நோட்டில் எட்டும் ஒன்பதுமாக இருந்த சோர்வு நான்கு, மூன்று என்று இறங்கியது. பூஜ்யம் ஆகவில்லை. இரண்டு வருடம் படுத்தே கிடந்ததில் தசையும் பலம் இழந்திருந்தது. பத்து நிமிட நடையில் தொடங்கித்தான் மீட்டேன். வேலை நெருக்கடி இருக்கும் வாரங்களில் இப்போதும் சீக்கிரம் களைத்துப் போகிறேன். அந்தக் களைப்பு தூங்கினால் போகிறது. அதுதான் வித்தியாசம்.

எல்லாருடைய சோர்வுக்கும் இரும்புதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2012இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்து சோர்வாக இருந்த 198 பெண்களைப் பார்த்தார்கள். 12 வாரம் இரும்பு சாப்பிட்டவர்களுக்குச் சோர்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்தது. ஒருத்தர் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, ஒரு மாத்திரையைக் கொடுத்து, மறுபடி வா என்று சொல்வதிலேயே எவ்வளவோ இருக்கிறது என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. உங்கள் ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்திருந்தால், அதில் எதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள், எதைப் பார்க்கவில்லை என்று தயங்காமல் கேளுங்கள். காரணமில்லாமல் எடை குறைகிறது, ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போங்கள்.

அம்மாவுக்கு 48 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவாள். அது அவள் வழக்கம் என்றே வீட்டில் எல்லாரும் இருந்துவிட்டோம். போன மாதம் அந்த டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது.

“எத்தனை வருஷமாம்மா இப்படி?” என்று டாக்டர் கேட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “இவ பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான்னு நினைக்கிறேன் டாக்டர்” என்றாள்.