நாளுக்கு ஒரு கிராம் சுண்ணாம்பு

மும்பை செம்பூரில் ஜூன் பாதியில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, மீன்தொட்டித் தண்ணீரும் அதிகம் குறையாது. முதலாவது வீட்டில் எல்லோருக்கும் கவலை. இரண்டாவது எனக்கு மட்டும். ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் ஆர்ஓவில் வடிகட்டிய உப்பில்லாத் தண்ணீர் ஊற்றுவோம் அல்லவா, அந்த டாப்-அப் தண்ணீரிலேயே உள்ளே வளர்பவைக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கலந்துவிடுவது ரொம்பப் பழைய வழக்கம். பீட்டர் வில்கென்ஸ் 1970களில் ஐரோப்பாவில் பரப்பிய முறை. ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும். ஆனால் மும்பையில் அதை அப்படியே பின்பற்றினால், சுண்ணாம்பு எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை வானிலைதான் முடிவுசெய்யும்.

என்னுடையது சம்ப்பையும் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 200 லிட்டர். லெதர் கோரல், சோயாந்திட், மஷ்ரூம் என்று கல்கூடு கட்டாத மென்பவள வகைகள், ஒரு ஜோடி க்ளவுன் மீன், கண்ணாடியை மேயும் நத்தைகள். கல் பவளம் எதுவும் கிடையாது. எங்கள் ஊர் தூத்துக்குடி. அங்கே பவளத்தை முருகைக்கல் என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும். கடலிலிருந்து அதை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள், சூளையில் போட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்த 21இல் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். 2001இல் கல் பவளங்கள் மொத்தமும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அதனால் "நம்ம கடல் சரக்கு, சீப்பா தர்றேன்" என்று யாராவது கவரில் பவளத்தைக் காட்டினால் பதில் சொல்லாமல் நடையைக் கட்டிவிடுவேன்.

கல் பவளம் இல்லாத டேங்குக்கு டோசிங், அதாவது தினமும் அளந்து சுண்ணாம்பு விடுவது, எதற்கு என்று கேட்பார்கள். பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் போதும். ஊதாவும் ரோஸுமாகப் படிந்து கிடக்கிற அந்தப் பாசி, கோரலைன் ஆல்கே, முழுக்கக் கால்சியம் கார்பனேட். முன்பக்கக் கண்ணாடியில் அதைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டும்போது மணல் மாதிரி நறநறவென்று உதிரும். நத்தை ஓடும் அதே சரக்குதான். லெதர் கோரலின் சதைக்குள்கூடக் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் உண்டு. இத்தனையும் தண்ணீரிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

எடுப்பது இரண்டு பொருள்: கால்சியமும் ஆல்கலினிட்டியும். ஆல்கலினிட்டி என்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்; அதன் அளவைத்தான் டேங்க் வைத்திருப்பவர்கள் சுருக்கமாகக் கேஹெச் என்போம். கடல் தண்ணீரில் கால்சியம் சுமார் 420 பி.பி.எம்., கேஹெச் சுமார் 7. கால்சியம் கார்பனேட் படியும்போது ஒரு கேஹெச் குறைந்தால் கூடவே 7 பி.பி.எம். கால்சியம் குறையும். 420இல் ஏழு போனால் டெஸ்ட் கிட்டில் தெரியக்கூடத் தெரியாது. ஏழில் ஒன்று போனால் அது பெரிய சரிவு. அதனால்தான் கால்சியம் கிட் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல கேஹெச் கிட் வாங்குங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் தப்பில்லை. ஆனால் ஜூலை மாத வெளிச்சத்தில் நீலம் எப்போது ரோஸாக மாறியது என்று எனக்கும் என் பெண்ணுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இப்போது எண்ணைக் காட்டும் சின்ன மீட்டர் வைத்திருக்கிறேன். சண்டை ஓய்ந்தது.

முதலில் டேங்க் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். டோசிங்கை நிறுத்திவிட்டு, தினமும் ஒரே நேரத்தில், விளக்கு எரியும் முன் அளக்க வேண்டும். கேஹெச் 8.2இல் தொடங்கி மூன்று நாளில் 7க்கு வந்தால் நாளுக்கு 0.4. என்னுடையது கிட்டத்தட்ட இவ்வளவுதான். 200 லிட்டரில் 0.4 கேஹெச்சை ஈடுகட்ட எவ்வளவு கால்சியம் ஹைட்ராக்சைடு (நான் சுண்ணாம்பு என்று சொல்வது இதைத்தான்) வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஒரு கிராமும் துளியும் வருகிறது. கால்சியமும் அதிலேயே சரியான விகிதத்தில் போய்விடும். உப்பு மிச்சம் விழாது. சமையல் சோடாவும் கால்சியம் குளோரைடும் தனித்தனியாக விடுகிற முறையில் சோடியம் குளோரைடு பின்னால் தங்கி, உப்பின் அளவு மெல்ல ஏறும். தண்ணீர் மாற்றும்போது அது சரியாகிவிடும், இருந்தாலும் இவ்வளவு சின்னப் பசிக்குச் சுண்ணாம்பே போதும் என்பது என் கட்சி.

போன தடவை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது பால்கனியில் அந்தப் பெரிய ஜாடியைப் பார்த்துவிட்டாள்.

"ஏல, எத்தன வீட்டுக்கு வெத்தல போடப் போற? இம்புட்டு சுண்ணாம்பக் கரைச்சு வச்சிருக்க."

"மீனுக்கும்மா."

"எப்ப இருந்துல மீனு வெத்தல போட ஆரம்பிச்சுது?"

வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிரின்ஸஸ் ஸ்ட்ரீட் பக்கம் லேப் கெமிக்கல் விற்கிற கடைகளில் கால்சியம் ஹைட்ராக்சைடு அரைக் கிலோ டப்பாவாகக் கிடைக்கும். நாளுக்கு ஒரு கிராம் என்றால் ஒரு வருஷத்துக்கு மேலேயே வரும். மூடியை இறுக்கி வையுங்கள், காற்றிலிருக்கும் கார்பன் டையாக்சைடு பட்டால் பொடி கொஞ்சம் கொஞ்சமாக வெறும் கார்பனேட்டாக மாறி, கரையாமல் போய்விடும். கரைசலின் பி.ஹெச். 12க்கு மேல். கண்ணில் பட்டால் விபரீதம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் கலக்குவேன்.

மழைக்கணக்குக்கு வருகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்திருக்கும். சம்ப் மேல் சின்ன ஃபேனும் ஓடினால் என் டேங்கில் நாளுக்கு மூன்று லிட்டர் வரை ஆவியாகும். அப்போது டாப்-அப் தண்ணீரில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம் கலந்தால் ஒரு கிராம் கணக்கு சரியாக வரும். ஜூலையில் ஆவியாவது ஒரு லிட்டர்தான். கலவையை மாற்றாவிட்டால் உள்ளே போவதும் மூன்றில் ஒரு பங்கு கிராம்தான். ஒரே வாரத்தில் கேஹெச் இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சரி, ஜூலைக்கு லிட்டருக்கு ஒரு கிராம் என்று கெட்டியாக்கிக்கொள்ளலாம் என்றால், அதைவிட மோசமானது பின்னால் வருகிறது. மழை விலகி அக்டோபர் வெயில் அடிக்க ஆரம்பித்ததும் ஆவியாவது மறுபடி ஏறும். ஜூலைக் கலவையே ஓடிக்கொண்டிருந்தால் நாளுக்கு மூன்று கிராம். தேவைக்கு மேல் 0.8 கேஹெச், அதுவும் தினமும். பவளங்கள் குறைவைச் சில நாள் பொறுத்துக்கொள்ளும். இப்படி மேலே ஏறுவதைப் பொறுப்பதில்லை, சுருங்கிக்கொள்ளும். லெதர் கோரல்தான் முதலில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அதனால் நான் இரண்டையும் பிரித்துவிட்டேன். டாப்-அப்புக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர், மிதவை ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும். மிதவை மாட்டிக்கொண்டாலும் போவது நல்ல தண்ணீர்தான், சுண்ணாம்பு மொத்தமாகக் கொட்டிவிடும் என்ற பயமில்லை. சுண்ணாம்புக்குத் தனி ஜாடி, தனி டோசிங் பம்ப். ஜாடியில் கரையும் அளவுக்கு மேலேயே பொடியைப் போட்டுக் கலக்கி, மூடி, ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், மீதி அடியில் தங்கும். அதனால் நானே ஒரு ஸ்பூன் கூடப் போட்டுவிட்டாலும் கரைசல் கெட்டியாகாது. மேலே நிற்கும் தெளிவை மட்டும் பம்ப் எடுக்கும், குழாய் முனை அடிவண்டலுக்கு நான்கு விரல் மேலே. நாளுக்கு 600 மில்லி, இரவு விளக்கு அணைந்த பிறகு ஐம்பது ஐம்பதாகப் பன்னிரண்டு முறை. இரவில்தான் பி.ஹெச். இறங்கும், சுண்ணாம்பு அதைத் தூக்கிவிடும். ஜூலையில்கூட ஒரு லிட்டர் ஆவியாவதால் 600 மில்லிக்கு எப்போதும் இடமுண்டு.

பம்ப் சொல்லும் 50ஐ நம்பக்கூடாது. இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற அளவு மூடியை எடுத்து, பத்து மில்லி விடச்சொல்லி அளந்து பாருங்கள். உருளை நசுக்கி நசுக்கி உள்ளே இருக்கும் குழாய் தளர்ந்துவிட்டால் ஒன்பதுகூட வராது. வெளியே விடும் முனையிலும் வெள்ளையாகப் படியும். அதை வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். முனை டேங்க் தண்ணீரில் படாமல், வேகமாக ஓடும் இடத்துக்கு மேலே சொட்டட்டும். ஓட்டமில்லாத மூலையில் சொட்டினால் அங்கேயே பால்போலக் கலங்கி வீணாகிவிடும்.

பி.ஹெச்.சைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழை நாளில் ஜன்னலெல்லாம் சாத்தி, நான்கு பேர் உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் வீட்டுக் காற்றில் கார்பன் டையாக்சைடு ஏறும், டேங்கில் பி.ஹெச். 8.2 இருந்தது 7.8 ஆகும். அதற்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும், பி.ஹெச்.சை ஏற்ற என்று கடையில் விற்கும் பஃபர் டப்பா தேவையில்லை. அதைக் கொட்டினால் கேஹெச்தான் ஏறும். மெக்னீசியம் 1300 பி.பி.எம். பக்கத்தில் இருந்தால் போதும், மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அது குறைந்தால் கால்சியம் கார்பனேட் கண்ட இடத்தில் படிய ஆரம்பிக்கும் என்பதால் மறந்துவிடவும் முடியாது.

தண்ணீர் மாற்றக் கடல்நீர் கலக்கும் உப்புப் பையைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். சில உப்புகளைக் கலந்தால் கேஹெச் 12 வரும். டேங்க் 8இல் இருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 0.8 எகிறும். ராத்திரி முழுக்க ஐம்பது ஐம்பதாக விட்டதற்கு அர்த்தமே இல்லை. என் டேங்கின் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிற உப்பாகப் பார்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்து சதவீதம் மட்டும் மாற்றுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சாவியை எதிர்வீட்டு மராத்திக்காரத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். சுண்ணாம்பு ஜாடி பத்து நாளுக்குத் தாங்கும், அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜனவரிக் காற்று காய்ந்தது, ஆர்ஓ கேன்தான் சீக்கிரம் காலியாகும். பாதிக்குக் கீழே போனால் பக்கத்திலிருக்கும் இன்னொரு கேனைத் தூக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. அவர் எப்போதும் இரண்டு சிட்டிகை போடுவார், அதைத் தடுக்க வழியில்லை.