ஒன்பது நாற்பது

"இரத்தப் பையின் மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே நடுவில் ஓர் அட்டையைச் செருகினார் இரத்த வங்கி ஊழியர்.

அக்காவின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு யூனிட் சிவப்பணுக்கள். ஐஸ் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அணுக்கள் உறைந்து உடைந்துவிடுமாம். உடைந்த இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

வங்கியில் 2 முதல் 6 டிகிரி வரை. வழியில் 10 டிகிரியைத் தாண்டக்கூடாது.

பக்கத்து அலமாரியில் தட்டணு (பிளேட்லெட்) பைகள் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும், அசைவும் நிற்கக்கூடாது. எல்லா இரத்தத்தையும் குளிரில் வைக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இருவர் பையின் எண்ணையும் பிரிவையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். பிறகு பெட்டியின் மேல் பேனாவால், பைகளை வெளியே எடுத்த நேரம்: 9.40.

என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே முப்பது நிமிடத்துக்கு மேல் இருந்த பையை, பயன்படுத்தாவிட்டாலும், மீண்டும் இருப்பில் சேர்ப்பதில்லையாம். முகம் தெரியாத யாரோ கை நீட்டிக் கொடுத்தது, ஒரு மேசையில் மறந்து வைத்ததால் குப்பைக்குப் போவதா? நினைக்கவே மனம் பொறுக்கவில்லை.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. நான் பதறி எழுவதற்குள், செவிலியர் பைகளை அறுவை அரங்கின் இரத்தக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

9.52.