25 வெள்ளியில் பறக்கும் மைவி

மச்சானின் மைவி கார் இப்போது விமானமாம். ஆன்லைனில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சிப் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே என்ஜின் கம்ப்யூட்டரைச் சோதிக்க வைத்திருக்கும் சாக்கெட்டில் சொருகியிருக்கிறான். என்ஜின் பலமும் கூடுமாம், பெட்ரோல் எண்ணெயும் மிச்சமாகுமாம். நம் கோயில் பூசாரி கட்டும் தாயத்துகூட ஒரு நேரத்தில் ஒரு காரியத்துக்குத்தான்.

200 கிலோமீட்டர் ஓடினால்தான் சிப் நம் ஓட்டத்தைப் படித்துக்கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எதையும் படிக்காத மச்சான், சிப்பைப் படிக்கவைக்கச் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையெல்லாம் சுற்றினான். எண்ணெய்க் காசு யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏற்றம், பின்சீட்டில் வெற்றிலைப் பெட்டியோடு மாமியார். லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டியதும், காய்கறி ஏற்றப் போன காலி லாரி ஒன்று எங்களை முந்திப் போனது.

"இன்னும் படிக்குது மாமா" என்றான்.

பொறுக்காமல் காடி பழுதுபார்க்கும் நம் போர்மன் அண்ணனிடம் இழுத்துப் போனேன். சாவியை எடுத்த பிறகும் சிப் மினுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கி, ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். உள்ளே ஒரு பச்சை அட்டை, நாலைந்து குட்டி விளக்கு, ஒரு சின்னச் சில்லு.

"இந்தச் சாக்கெட்டுல 16ஆவது கால்ல எந்நேரமும் பேட்டரி கரண்ட் வரும். அதைக் குடிச்சிட்டுக் கண்ணடிக்குது. என்ஜின் கம்ப்யூட்டரோட பேசுற சாமானே இதுல இல்லப்பா."

நிஜ டியூனிங் வேறு கதை. லேப்டாப்பை மாட்டி, எண்ணெய் எவ்வளவு பாய வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்ற கணக்கையே மாற்றி எழுதி, பலத்தை அளக்கும் டைனோ மெஷினில் காடியை ஏற்றி அளந்து பார்ப்பார்கள். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள காடியாக இருந்தால் காற்றழுத்தத்தைக் கூட்டிப் பலத்தை நன்றாகவே ஏற்றலாம். டர்போ இல்லாத 1.3 மைவியில் ஆயிரக்கணக்கில் கொட்டினாலும் ஐந்தாறு குதிரைத்திறன் தேறினால் அதிகம். "முதல்ல இதை மாத்து" என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். காய்ந்த இலைகளுக்கு நடுவே இரண்டு பல்லி முட்டை.

மச்சான் வெகு நேரம் யோசித்தான். அப்புறம், "அண்ணே, டர்போ போட்டா?"

அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் கவனிப்பு பலமாக இருக்கிறது. வாரநாளிலேயே ஆட்டுக்கறி, மீன் தலைக் கறி, கேட்காமலே இரண்டாவது தேத்தண்ணி. தம்பியைப் பற்றி மனைவி இதுவரை வாயே திறக்கவில்லை. இந்த மாதக் கூட்டுச் சீட்டுப் பணம் எனக்குத்தான் விழுகிறது என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.