சக்கரத்தைத் திருப்பினால் சுக்கானும் திரும்ப வேண்டும்

1:64 அளவில் ஒரு ஃப்ரிகேட் (பாய்மரப் போர்க்கப்பல்) மாடல் கட்டி வருகிறேன். மூன்று பாய்மரம், 28 பீரங்கி, 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பாணி. கிட்டோடு வந்த வரைபடத்தின்படி, கப்பலைத் திருப்பும் பலகையான சுக்கானை, பின்முனையில் செங்குத்தாக நிற்கும் பின்கட்டையில் ஒட்டிவிட வேண்டும். சக்கரத்தை மேல்தளத்தில் ஒட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. 1805-இல் டிரஃபால்கர் போரில் விக்டரி என்ற பிரிட்டிஷ் கப்பலின் சக்கரம் குண்டுபட்டு உடைந்ததும், மாலுமிகள் கீழ்த்தளத்தில் டில்லரைக் கயிறு கட்டி இழுத்தே கப்பலைத் திருப்பினார்கள். சுக்கானின் தலையிலிருந்து முன்னோக்கி நீளும் அந்த மரக்கைதான் டில்லர். சக்கரம், கயிறு, டில்லர், சுக்கான் எல்லாம் என் மாடலிலும் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். மேல்தளப் பலகையை ஒட்டுவதற்கு முன் செய்தால்தான் உண்டு.

முதலில் சுக்கான். பழைய கதவுகள் குடுமியில் ஆடுவதுபோல, சுக்கானில் உள்ள ஊசிகள் பின்கட்டையின் வளையங்களுக்குள் நிற்க, சுக்கான் ஆடுகிறது. ஊசிக்கு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி, வளையத்துக்கு 1 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்த் துண்டு, மொத்தம் ஐந்து ஜோடி. மாட்டிப் பார்த்தால் சுக்கான் பத்து டிகிரிகூடத் திரும்பவில்லை. சுக்கானின் முன்விளிம்பும் பின்கட்டையும் தட்டையாக இருந்ததால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நிஜக் கப்பலிலும் இந்த இரண்டு விளிம்புகளையும் சரிவாகச் சீவித்தான் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் இருபுறமும் 20 டிகிரி சாய்வாகச் சீவினேன். ஊசிகளின் அச்சு சுக்கானின் கூர்விளிம்பிலேயே அமைய வேண்டும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாலும் மறுபடி முட்டும். அப்புறம், ஒவ்வொரு ஊசிக்கும் கீழே, அந்த ஊசியின் நீளத்துக்குச் சுக்கானில் ஒரு வெட்டு வேண்டும். அது இல்லாவிட்டால் சுக்கானைத் தூக்கி மாட்டவே முடியாது.

ஐந்து வளையங்களையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் பெரிய பாடு. தனித்தனியாக ஒட்டி இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை ஒரே நீளக் கம்பியில் ஐந்து குழாய்களையும் கோத்து, அப்படியே பின்கட்டையில் வைத்து ஒட்டினேன். சூப்பர் க்ளூ இடுக்கு வழியாகக் குழாய்க்குள் இறங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. அசிட்டோன் தடவி, பொறுமையாகக் கழற்றினேன். அடுத்து கம்பியில் லேசாக வாசலின் பூசி, எபாக்ஸியால் ஒட்டினேன். மறுநாள் கம்பியை உருவினால் வழுக்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யவில்லை; சுக்கானை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது கயிறு. இவ்வளவு நுணுக்கம் இதில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டில்லர் 40 மி.மீ. நீளம். அதன் நுனிக்கு நேர் பக்கவாட்டில், 30 மி.மீ. தள்ளி இருபுறமும் ஒரு கப்பி வைத்தேன். நடுவில் இருக்கும்போது கயிறு விறைப்பாக நின்றது. சுக்கானைத் திருப்பத் திருப்ப இறுகி, பாதியில் நின்றுவிட்டது. காரணம் எளிது: டில்லரின் நுனி வட்டப் பாதையில் போகிறது, பக்கவாட்டில் நகரும்போதே பின்னாலும் நகர்கிறது. 35 டிகிரியில் 7 மி.மீ. பின்வாங்குகிறது, அதற்குக் கயிறு மூன்றரை மி.மீ. கூடுதலாக வேண்டியிருக்கிறது. நிஜக் கப்பல் கட்டியவர்களும் இதே தொல்லையைப் பட்டிருக்கிறார்கள். பிற்பாடு டில்லர் நுனி சறுக்கிச் செல்ல வளைந்த சட்டம் ஒன்றை அமைத்து, கயிறு எப்போதும் ஒரே விறைப்பில் இருக்கும்படி செய்தார்கள். அதற்கு என் மாடலில் இடம் இல்லை. அட்டையில் டில்லரை வெட்டி, குண்டூசிகளைக் கப்பிகளாகக் குத்தி, ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பின்னால் தள்ளி அளந்தேன். கப்பிகளை நாலரை மி.மீ. பின்னுக்கு வைத்தபோது, நடுவிலும் கடைசியிலும் கயிற்றின் நீளம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. இடையில் மட்டும் அரை மி.மீ. தொய்கிறது. கயிறு டில்லரில் சேருமிடத்தில் மெல்லிய சுருள் வில் ஒன்றை மாட்டி அதையும் சரிக்கட்டினேன்.

கிட்டில் வந்த பருத்தி நூல் ஈரக்காற்றில் விறைப்பு மாறியது. அதை ஒதுக்கிவிட்டு 0.4 மி.மீ. பாலியெஸ்டர் நூலுக்குத் தேன்மெழுகு பூசி, எடை கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு எடுத்தேன். சக்கரத்தின் உருளை 6 மி.மீ. விட்டம். அதில் ஐந்து சுற்று சுற்றி, நடுச் சுற்றை மட்டும் சிறு ஆணியால் உருளையோடு பிடித்துவைத்தேன். நிஜத்திலும் இப்படித்தான், அதனால் கயிறு உருளையில் வழுக்காது. ஒரு பக்கம் முழுதாகத் திருப்ப ஒரு சுற்றுக்குச் சற்று மேல் போதும், ஆகவே இருபுறமும் கயிறு மிச்சமிருக்கிறது.

எல்லாம் கட்டி முடித்து, சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேன். சுக்கான் இடப்பக்கம் போனது! தளத்துக்குக் கீழே கயிற்றின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கப்பிகளில் விட்டிருக்கிறேன். சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் உருளையின் இடப்பக்கக் கயிறு மேலே ஏறும். அது இடப்பக்கக் கப்பி வழியாக டில்லரை இடப்பக்கம் இழுக்க வேண்டும், சுக்கானின் பின்விளிம்பு அப்போதுதான் வலப்பக்கம் போகும். அவிழ்த்து மறுபடி கோக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. இந்த முறை சரி.

சக்கரத்தின் கைப்பிடிகள் மிக மெல்லியவை. விரலால் திருப்பினால் உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் அச்சின் முனையைச் சதுரமாக அராவி, அதில் மாட்டித் திருப்ப ஒரு சிறு சாவி செய்கிறேன். மேல்தளப் பலகையை இந்த வாரம் ஒட்டிவிடலாம். டில்லருக்கு நேர்மேலே வரும் மரச்சல்லடை மூடியை மட்டும் ஒட்டப்போவதில்லை, அப்படியே பொருத்திவைப்பேன். நூல் எப்போதாவது தளர்ந்தால் அந்த வழியாகத்தான் இடுக்கியை உள்ளே விட வேண்டும்.