அகழித் துப்பாக்கிக்கு விலை சொல்வது எப்படி

வின்செஸ்டர் 1897 அரிய துப்பாக்கி அன்று. ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த பம்ப் ஷாட்கன் (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து மறுபடி தயார் செய்யும், சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி), 1897 முதல் 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டு, பெரும்பாலும் அமெரிக்க வேட்டைக்காரர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அரியது அதன் இராணுவ வடிவமான ‘ட்ரெஞ்ச் கன்’, அதாவது அகழித் துப்பாக்கி. 20 அங்குலக் குழலும், சூடேறிய குழல் கையைச் சுடாதிருக்கத் துளையிட்ட தகட்டு உறையும், 1917 மாதிரி பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனைக் கத்தியைப் பொருத்தும் அமைப்பும் கொண்ட இந்தத் துப்பாக்கியை, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்தினர். 1918 செப்டம்பரில் ஜெர்மனி, இது போர்ச் சட்டத்துக்கு முரணான ஆயுதம் என்று கண்டித்ததோடு, இதனுடன் பிடிபடும் வீரர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்படும் என்றும் எச்சரித்தது. அமெரிக்கா அதை ஏற்க மறுத்துவிட்டது. இந்த வரலாறுதான் இன்று விலையை ஏற்றுகிறது. போலிகள் பெருகுவதற்கும் அதுவே காரணம்.

சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் குழலை வெட்டிக் குறுக்கி, புதிதாகச் செய்த தகட்டு உறையை மாட்டி, நான்கைந்து முத்திரைகளை அடித்துவிட்டால் விலை பல மடங்காகிவிடும். ஆகவே விற்பவர் சொல்லும் கதையை ஓரமாக வைத்துவிட்டு, உலோகத்தையும் மரத்தையுமே நான் முதலில் பார்ப்பேன். குழலின் மேலுள்ள எழுத்துகள் மிகவும் முக்கியமானவை. குண்டுகள் சீராகப் பரவுவதற்காக, இராணுவக் குழலின் வாய் குறுக்கப்படாமல் நேராக இருக்கும். அதைக் குறிக்க, ‘சிலிண்டர்’ என்பதன் சுருக்கமாக ‘சிஒய்எல்’ என்று பொறித்திருப்பார்கள். வேட்டைக் குழல்களின் வாய் பெரும்பாலும் குறுகலானது. அவற்றில் ‘ஃபுல்’ என்றிருப்பதைக் காணலாம். 20 அங்குலக் குழலில் ‘ஃபுல்’ என்று இருந்தால், அது வெட்டப்பட்ட குழல் என்பதில் எனக்குச் சந்தேகமே வராது.

அடுத்து, உறையிலுள்ள துளைகள். முதல் போர்க்கால உறைகளில் ஆறு வரிசைத் துளைகள் இருந்தன. 1942 முதல் அவை நான்கு வரிசையாகக் குறைந்தன. 1918-இல் தயாரான துப்பாக்கியின் மேல் நான்கு வரிசை உறை இருந்தால், பிற்காலத்தில் இராணுவமே மாற்றியிருக்கலாம், அல்லது விற்பவர் மாற்றியிருக்கலாம். எப்படியானாலும் அதை முதல் உலகப் போரின் முழுமையான துப்பாக்கி என்று சொல்ல முடியாது. அமெரிக்க இராணுவ ஆயுதத் துறையின் அடையாளமான, தீச்சுடர் எழும் குண்டு முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பழைய முத்திரையின் பள்ளத்திலும் சுற்றியுள்ள இடத்திலும் ஒரே பழமை தெரியும். மெருகைக் கிழித்துக்கொண்டு பளிச்சென்று வெள்ளை உலோகம் தெரிந்தால், அது அண்மையில் அடித்தது. அதே சமயம், முதல் போர்க்காலத்தில் முத்திரை இல்லாமலேயே வெளியான அசல் துப்பாக்கிகளும் உண்டு என்பதால், முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை ஒதுக்குவதும் தவறு.

ஆவணங்களை நம்பியிருப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ‘கோடி’ என்னும் நகரத்திலுள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலைப் பதிவேடுகள் இருந்தாலும், 1897 மாதிரிக்கானவை போர் ஆண்டுகள்வரை வருவதில்லை. பொருளே தன் சாட்சியாக நிற்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான், பழைய துப்பாக்கியைப் பளபளக்கத் தேய்த்துப் புது மெருகு ஏற்றுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அரிப்பும் கீறலும் உள்ள அசல் நீலக்கருப்பு மெருகு, கண்ணைப் பறிக்கும் புது மெருகைவிட மேலானது; தேய்க்கும்போது மரக் கட்டையிலுள்ள இராணுவச் சோதனையாளரின் முத்திரை மங்கி, எழுத்துகளின் ஓரங்களும் மழுங்கிவிடுகின்றன. இராணுவக் கிடங்கிலேயே பழுதுபார்த்துச் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு ஏற்றிய துப்பாக்கிகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தப் பூச்சும் அவற்றின் பணிக்காலத்தைச் சேர்ந்ததே.

அரிதாக இருப்பது மட்டுமல்ல, பெயரும் விலையை நிர்ணயிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் 520-30, 620 மாதிரி அகழித் துப்பாக்கிகள் கணிசமாக வாங்கப்பட்டன. நல்ல நிலையில் கிடைத்தாலும் வின்செஸ்டரின் பெயர்ப் புகழ் இல்லாததால் குறைவாகவே போகின்றன. மிகச் சிலவே செய்யப்பட்ட இத்தாக்கா நிறுவனத்தின் 37 மாதிரி அகழித் துப்பாக்கியோ வின்செஸ்டரையே மிஞ்சும் விலைக்குப் போகிறது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள், ஐயத்துக்கிடமான ஒரு வின்செஸ்டருக்குக் கொடுக்கும் பணத்தில் ஐயமற்ற ஸ்டீவன்ஸ் ஒன்றை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வாங்குமுன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898-க்குள் தயாரானவற்றையே தொன்மையான ஆயுதங்களாகக் கருதி வழக்கமான துப்பாக்கி விதிகளிலிருந்து விலக்குகிறது, போர்க்கால அகழித் துப்பாக்கி எதுவும் அந்த விலக்குக்குள் வராது.