சீசன் டிக்கெட்டும் ஐந்து முருங்கைக்காயும்

ஐ.பி.எல். அட்டவணை வெளியானதும் எங்கள் அலுவலகத்தில் அதை முதலில் தேடிப் பார்க்கிற ஆள் நான்தான். கிரிக்கெட் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்.பி.டபிள்யூ. என்றால் எதற்காக வெளியே அனுப்புகிறார்கள் என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சென்னை அணி எந்தெந்தத் தேதியில் சேப்பாக்கத்தில் ஆடுகிறது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும். வழக்கமாக ஏழு நாட்கள் வரும். அந்த ஏழையும் வீட்டு நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பேன். அன்றைக்கெல்லாம் அரை நாள் விடுப்பு, இல்லையென்றால் இல்லாத தலைவலி.

காரணம் இதுதான். எனக்கு வீடு வேளச்சேரியில், வேலை சேப்பாக்கத்தில். நடுவில் பறக்கும் ரயில். மற்ற நாட்களில் சேப்பாக்கம் நிலையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்யாணம் முடிந்து, பந்தக்காலும் பிடுங்கி, சமையல்காரர்களும் கிளம்பிப் போன மண்டபம் போல இருக்கும். அத்தனை பெரிய கூடம், அத்தனை உயரத் தூண்கள், கீழே நானும் நாலைந்து புறாக்களும். இருமினால் திரும்ப ஒருவர் இருமுவார், அதுவும் நான்தான். அந்த அமைதிக்குப் பழகிப்போனவன் நான்.

நிலையமோ மைதானத்தை ஒட்டியே நிற்கிறது. இந்த ரயில் 1995இல் தொடங்கியபோது கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடியது. 1997இல் திருமயிலைக்கு நீண்டது, 2007இல் எங்கள் வேளச்சேரிக்கு வந்தது. ஆக, முதல் இரண்டு வருடம் கிரிக்கெட் மைதானத்தோடு பாதையே முடிந்துவிட்டது. அதற்கப்பால் மனிதன் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

ரசிகர்கள் என்மேல் கோபப்படக் கூடாது, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய சோதனைக் காலமெல்லாம் எனக்குப் பொற்காலம். 2016, 2017 இரண்டு வருடமும் அணிக்குத் தடை. படிக்கட்டில் கைவீசிக்கொண்டு ஏறினேன். 2018இல் காவிரிப் போராட்டத்தின் நடுவே ஒரே ஓர் ஆட்டம். மற்றவை புனேவுக்குப் போய்விட்டன. 2020இல் தொடங்கிய கொரோனாவால் துபாய், மும்பை என்று எங்கெங்கோ ஆடினார்கள். 2023 ஏப்ரலில் மஞ்சள் சட்டை சேப்பாக்கத்துக்குத் திரும்பியபோது ஊரே கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, காரணம்தான் வேறு.

அதற்கடுத்த வருட ஆட்டங்களின்போதும் பாதி தப்பித்தேன். நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைப் பக்கம் ரயில் இல்லை, சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். வடக்கேயிருந்து வருகிறவர்களில் பலர் மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாக நடந்தார்கள். பாதை முழுதாகத் திறந்த பிறகு வந்த சித்திரையில்தான் நான் அகப்பட்டேன்.

அன்று காலை நாட்காட்டியில் வட்டத்தைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். ஆனால் அதே நாட்காட்டியில் அதே சிவப்புப் பேனாவால் என் மனைவி பிரதோஷம், கிருத்திகைக்கும் வட்டமிடுவாள். பிரதோஷம் என்று நினைத்துக்கொண்டு, இரவு வெங்காயம் இருக்காது என்ற ஒரே கவலையோடு கிளம்பிவிட்டேன். மதியம் அவள் போன் செய்து, "திருவல்லிக்கேணியில் முருங்கைக்காய் நன்றாக இருக்குமாம், ஐந்து வாங்கிவாருங்கள். எண்ணி வாங்குங்கள்" என்றாள். சாப்பாட்டு இடைவேளையில் போய் எண்ணியே வாங்கினேன். ஒவ்வொன்றும் முழங்கையைவிட நீளம். தோள்பையில் பாதிதான் நுழைந்தன. மீதி பாதி வெளியே அம்புறாத்தூணி போல நின்றது.

மாலை ஐந்தே முக்காலுக்கு நிலைய வாசலில் நின்றபோது புரிந்தது, பிரதோஷம் இல்லை என்று.

படிக்கட்டு முழுக்க மஞ்சள். மேலேயிருந்து கீழே மஞ்சள் தூள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை மஞ்சள், தொப்பி மஞ்சள், முகம் மஞ்சள். ஆளுக்கொரு விசில். முதுகைத் திருப்பினால் எல்லோரும் 7ஆம் எண். பள்ளிக்கூடத்தில் ஒரே பையனுக்கு ஆயிரம் முறை வருகை கூப்பிட்டது போல. அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேலே ஏறவேண்டிய ஒரே மனிதன் நான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரயில் காலி. உண்மையாகவே காலி. வேளச்சேரியிலிருந்து வருகிற வண்டியும் சேப்பாக்கத்தில் கவிழ்த்த குடம்போல ஆகிவிடும். கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகிற என் வண்டியும் அப்படித்தான்; தாம்பரம், ஆவடிப் பக்கத்துக் கூட்டமெல்லாம் பார்க் டவுனில் ஏறி இங்கே இறங்கிவிடும். அதற்குமேல் பெட்டிக்குப் பெட்டி காற்றாட உட்கார்ந்து போகலாம், காலை நீட்டலாம், படுக்கலாம். ரயிலில் இடம் இருந்தது, ரயிலுக்குத்தான் வழியில்லை.

கைப்பிடிக் கம்பியை ஒட்டி ஏறத் தொடங்கினேன். "கொஞ்சம் வழி விடுங்கள், கொஞ்சம் வழி" என்று சொல்லிக்கொண்டே ஒன்பது படி ஏறினேன். எண்ணினேன் என்பதால் சரியாகத் தெரியும். யாரும் முரட்டுத்தனம் காட்டவில்லை, அதையும் சொல்லவேண்டும். எல்லோரும் "மன்னிக்கவும் சார், மன்னிக்கவும் சார்" என்றுதான் இடித்தார்கள். ஒரு பையன் மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சார், ஆட்டம் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினான்.

பத்தாவது படியில் கால் வைத்த நேரத்தில் மேலே இரண்டு பக்கத்து வண்டியும் ஒன்றாக வந்து நின்றன. அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. என் காலிலும் இல்லை. கூட்டம் என்னைத் திருப்பியது. ஆடிப்பெருக்கில் அகப்பட்ட வாழைமட்டை போல, ஏறிய ஒன்பது படியையும் முகம் திரும்பியபடி இறங்கினேன். வலது தோளில் யாரோ ஒருவர் முகத்தை அழுத்தமாகப் பதித்து, "சாரி அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நிலையத்துக்கு வெளியே வந்தால் சாலையில் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். உள்ளே போனால் நேராக மைதான வாசல்தான். நடுவில் விலகக் கதவு கிடையாது.

ஆக, நான் மேட்சுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வரிசை ஊர்ந்தது. எனக்குப் பின்னால் நின்றது கல்லூரிப் பையன்கள் நாலு பேர். அதில் ஒருவன் கேட்டான்: "சார், டிக்கெட் கிடைத்ததா?"

"என்னிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது" என்றேன். பொய் இல்லையே.

நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். "சீசன் டிக்கெட்டா? எல்லா ஆட்டத்துக்குமா?"

"எல்லா நாளும் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம்."

"எவ்வளவு சார் கொடுத்தீர்கள்?"

"நாலு பேர் ஓட்டலில் ஒரு வேளை டிபன் சாப்பிடும் காசுகூட ஆகாது தம்பி. மாதாமாதம் புதுப்பித்துக்கொள்கிறேன்."

அவர்கள் முகத்தில் அப்போது வந்த மரியாதையை இருபது வருட உத்தியோகத்தில் நான் யாரிடமும் பார்த்ததில்லை. ஒருவன் என் பையைத் தான் தூக்கிவருவதாகச் சொன்னான். விடிய விடிய இணையத்தில் காத்திருந்தும் டிக்கெட் கிடைக்காமல், கடைசியில் மாமா ஒருவர் தயவில் வாங்கினானாம். விஷயத்தை உடைத்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் இன்னொருவன் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு எப்படிச் சொல்வது?

தண்ணீர் கொடுத்தவனுக்கு ஒரு குறை இருந்தது. அவனிடம் மஞ்சள் கொடி இருந்தது, கம்பு இல்லை. கம்பு கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் வாங்கிப் போட்டுவிடுவார்களாம். அவன் கண் என் தோள்பையின்மேல் போனது.

"சார், கம்புதானே கூடாது. முருங்கைக்காய் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே?"

சட்டப்படி அவன் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. ஒன்றை உருவிக் கொடுத்தேன். இருப்பதிலேயே நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தான். கொடியைக் கட்டி வீசிக் காட்டினான். கொஞ்சம் வளைந்ததே தவிர ஒடியவில்லை. திருவல்லிக்கேணிக் காய் அல்லவா.

சோதனை இடத்தில் ஒரு பெண் காவலர் நின்றிருந்தார். "டிக்கெட்டைக் கையில் எடுத்து வையுங்கள்" என்று வரிசைக்குப் பொதுவாகக் குரல் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையோடு என் சீசன் டிக்கெட்டை நீட்டினேன். பார்த்தார். புரட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சார், இது ரயில் டிக்கெட்."

"நானும் அதைத்தான் அம்மா ஒரு மணி நேரமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன்."

பின்னால் நாலு பேரும் ஒரு நொடி மௌனமாக இருந்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், தடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவலர் மட்டும் சிரிக்கவில்லை, கடமை. "பையில் என்ன?" என்றார். டிபன் கேரியர், குடை, தண்ணீர் பாட்டில், நாலு முருங்கைக்காய். மைதானத்துக்குள் எதையெல்லாம் விடமாட்டார்களோ அதையெல்லாம் ஒரே பையில் கொண்டுவந்திருந்த மனிதரை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, "இப்படி வெளியே போய்விடுங்கள் சார்" என்றபோது கடைசியில் அவருக்கும் உதடு துடித்துவிட்டது.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் நின்றேன். டீ போடுகிறவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூச்சு வாங்க என் கதையைச் சொன்னேன். அவர் ஆற்றிக்கொண்டே, "இதெல்லாம் ஒரு கூட்டமா? 1997இல் சயீத் அன்வர் 194 அடித்தாரே, அன்றைக்கு நீங்கள் இங்கே நின்றிருக்கவேண்டும்" என்றார். பாகிஸ்தான்காரர் அடித்த ஓட்டத்தை இத்தனை வாஞ்சையோடு சொல்கிறாரே என்று நான் பார்க்க, "ஆட்டம் ஆட்டம்தானே சார்" என்று டீயை நீட்டினார். பிறகு, போகிற போக்கில் கேட்டார்: "நீங்கள் ஏன் இந்தக் கூட்டத்தில் போய் முட்டினீர்கள்? திருவல்லிக்கேணி ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஏறியிருக்கலாமே. அடுத்த ஸ்டேஷன்தானே."

வருடக்கணக்கில் இதே பாதையில் போய்வருகிறேன். சேப்பாக்கத்துக்கு அடுத்தது திருவல்லிக்கேணி என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மதியம் முருங்கைக்காய் வாங்க அங்கேதான் நடந்தே போய்வந்தேன். இந்த யோசனை மட்டும் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு மௌனமாக நின்றேன்.

ஏழரை மணிக்கு மைதானத்துக்குள்ளிருந்து ஒரு பேரிரைச்சல் எழுந்தது. முதல் பந்து போட்டுவிட்டார்கள் போல. திரும்பிப் பார்த்தால் நிலையப் படிக்கட்டு காலி. ஒரு விசில், ஒற்றைச் செருப்பு, மஞ்சள் சாயம் ஒட்டிய கைக்குட்டை, அவ்வளவுதான் கிடந்தன. புறாக்கள்கூட வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தன. ஒன்பதாவது படியில் ஒரு நொடி நின்றேன். பத்தாவது படியில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தேன்.

பெட்டியில் நானும் தூங்குகிற ஒரு பெரியவரும் மட்டும். மைதானத்து விளக்கு வெளிச்சத்தில் அவர் வழுக்கை ஒரு கணம் மின்னி அணைந்தது. திரும்பிப் போகிறபோது அந்த நாலு பையன்களும் என்ன பாடுபடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவர்களாவது இரண்டு மணி நேரத்தில் பிரிந்து பிரிந்து வருகிறார்கள். முடிந்து போகிறபோது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்த ஒரே படிக்கட்டைத்தான் தேடுவார்கள். சிறப்பு ரயில் விட்டாலும் படிக்கட்டுக்குச் சிறப்புப் படிக்கட்டு விட முடியாதே. அப்போதாவது அவர்கள் திருவல்லிக்கேணிக்கு நடக்கவேண்டும் என்று நினைத்தேன். என்னைவிடக் கெட்டிக்காரர்கள், நடந்திருப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முதலில் பையைத்தான் வாங்கினாள். எண்ணினாள். "நாலுதான் இருக்கிறது."

"ஒன்று கிரிக்கெட் பார்க்கப் போயிருக்கிறது" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. என் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் தோளுக்குக் கீழே பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் ஒரு முகம். கன்னம், மூக்கின் பாதி, உதடு, தாடையின் வளைவு, எல்லாம் அச்சுப் போட்டது போலத் தெளிவாக இருந்தது.

"யாருங்க இது?" என்றாள். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அது நல்லதற்கு இல்லை என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

நான் படிக்கட்டில் தொடங்கினேன். ஒன்பது படி, இரண்டு வண்டி, தடுப்பு, காவலர், சயீத் அன்வர் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவள் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, குழல்விளக்குக்கு அடியில் பிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் ஒட்டாமல் வெள்ளையாக விட்டிருந்தது.

"மீசை" என்றாள். சட்டையை ஊறவைக்கப் போனாள்.